குடையைப் பார்த்து அடிங்க

குடை சாய்ந்துவிட்டது. காற்றில் சாயவில்லை, காற்றே இல்லை, நான் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறேன். இத்தனை நேரம் புல்லுக்கு மேலே மஞ்சள் அரைவட்டமாகத் தெரிந்தது இப்போது கம்பிகள் வெளியே தெரிய மல்லாந்து கிடக்கிறது, அதன் கீழே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்த வேலைக்கார அம்மாவைக் காணவில்லை. கோல்ஃப் மட்டை இன்னும் என் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அடித்து முடித்ததும் அப்படியே நிற்க வேண்டும், இடுப்பு இலக்கைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும், வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும் என்று படித்திருந்தேன், அப்படியேதான் நிற்கிறேன், முதல்முறையாக எல்லாம் சரியாக நிற்கிறேன், பரிசுக் கோப்பையின் மேல் ஒட்டிய பொம்மை மாதிரி. "பியூட்டிஃபுல் ஷாட், மிஸ் வாணி!" என்று மலேசியாவில் ஜோகூரிலிருந்து வந்திருக்கும் தேவராயன் சார் சொன்னது எப்போது? குடை சாய்வதற்கு முன்பா, பின்பா? முன்பு. முன்புதான் இருக்க வேண்டும், பார்த்துவிட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் கைதட்டிய சத்தமும் அங்கிருந்து வந்த அந்தச் சின்ன 'டப்' சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக என் காதில் இருக்கின்றன, பிரிக்க முடியவில்லை. நான் கத்தினேனா? இல்லை. ஆளிருக்கும் பக்கம் பந்து போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கத்தியே ஆக வேண்டும், அது ஒன்றுதான் இந்த ஆட்டத்தில் சத்தம் போட அனுமதி உள்ள இடம் என்று ரகுநந்தன் சார் வரும்போதே காரில் சொல்லியிருந்தார். விடுதி அறையில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிக்கூடப் பார்த்திருந்தேன், மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி. வாய் திறந்துதான் இருந்தது. இப்போதும் திறந்திருக்கிறது. அதற்குள் சிரிப்பு இருந்தது, அதனால்தான் சத்தம் வரவில்லை. பந்து நேராகப் போகிறதே என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஓடாதீங்க வாணி," என்கிறார் ரகுநந்தன் சார். ஓடுகிறேனா? நான் நடக்கத் தொடங்கியதே எனக்குத் தெரியாது. "ஓடினா விஷயம் பெருசாயிடும். மெதுவாப் போவோம். குடையிலதான் பட்டிருக்கும்." எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவுக்கே அவர்தான் தலைவர், அவர் சொன்னால் நான் கேட்பேன், கேட்கிறேன், நடக்கிறேன். இப்படி ஒரு நேரத்தில் கால்கள் ஒருவர் சொன்னதைக் கேட்டு வேகத்தைக் குறைக்கும் என்பதை நம்ப முடியாமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன். கிளப்பில் வாடகைக்குக் கொடுத்த ஷூ, ஒரு அளவு பெரியது, அடியில் முள்முள்ளாக இருக்கிறது, ஒவ்வோர் அடிக்கும் புல்லைக் கடித்துக் கடித்து விடுகிறது. குடையிலதான் பட்டிருக்கும். துணிக்குடை. துணியில் பட்டால் பந்தின் வேகம் குறையுமா? குறையும். எவ்வளவு குறையும்? பொறியியல் படித்தவள் நான், கணக்குப் போட முடியும், ஆனால் பந்து எவ்வளவு கெட்டி என்பதிலேயே மனது போய் நிற்கிறது. கெட்டியான பந்தைத்தான் வாங்கினேன். கேட்டு வாங்கினேன். ஆர்.எஸ். புரத்துக் கடையில் அந்தப் பையன், பையன் என்ன, என் வயதுதான் இருப்பான், கண்ணாடி மேஜைமேல் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தான். "புதுசா ஆடறீங்களாக்கா? பந்து வலதுபக்கம் வளைஞ்சு போகுமே?" எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் போகும்," என்றான். மென்மையான பந்து நிறைய சுழலும், சுழன்றால் வளைவு இன்னும் கூடும், பெரிய ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே சுழற்றுவார்கள், உங்களுக்கு அது வேண்டாம்; உள்ளே ஒரே கட்டியான ரப்பர், மேலே ஒரு தோல், அவ்வளவுதான், இந்தக் கெட்டிப் பந்து வளையாது, தூரமும் போகும். இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், முட்டையைப் பார்ப்பது போல. இரண்டும் கல் மாதிரிதான் இருந்தன. "எது சாஃப்ட்டு, சொல்லுங்கக்கா?" என்று அவனே கேட்டுச் சிரித்தான். எதுவென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, கெட்டியானதையே கொடுங்கள் என்றேன். மென்மையானதை வாங்கியிருந்தால்? அடிப்பவளின் விரலுக்குத் தெரியாத வித்தியாசம் படுகிறவரின் உடம்புக்குத் தெரியுமா? மென்மையானதை வாங்கியிருந்தால் அது வளைந்திருக்கும். வளைந்திருந்தால் இங்கே வந்திருக்காது. நேராகப் போக வேண்டும் என்று நான் தேடித் தேடி வாங்கியது.

குடை இன்னும் அசையவில்லை. அதன் பின்னால் ஏதோ பச்சையாகத் தெரிகிறது, புடவையா, புதரா. அந்த அம்மா பச்சை நிறச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தார், வேலைக்காரர்கள் எல்லாருக்கும் கிளப்பில் கொடுப்பது, அடிப்பதற்கு முன்னால் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அதுதான். அவரைப் பார்த்துத்தான் நான் நின்றேன். காலையில் பயிற்சித் திடலில் அடித்த பந்தெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் நேராகக் கிளம்பி, நடுவழியில் யாரோ கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் போயின. தேவராயன் சார் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜோகூர்க் கிளைக்கு எங்கள் கம்பெனி ஒரு ஆளை அனுப்பப்போகிறது, அது நானாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையே, அது மூன்று பேருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் குழிக்கு வந்து நின்றதும் ரகுநந்தன் சார் என் காதருகில், "இன்னிக்கு ஒருநாள்ல அந்த ஸ்லைஸைச் சரிபண்ண முடியாது வாணி. சரிபண்ணாதீங்க. அதை வெச்சே சமாளிப்போம். வலதுபக்கம் வளையும்னு தெரியுமில்ல, அப்ப இடதுபக்கம் பார்த்து அடிங்க, தானா நடுவுக்கு வந்துடும்," என்றார். எவ்வளவு இடதுபக்கம் என்று கேட்டேன். நான் எதையும் அளவு கேட்காமல் செய்ய மாட்டேன். அவர் கையை நீட்டினார். "அதோ, அந்த மஞ்சள் குடை தெரியுதா? குடையைப் பார்த்து அடிங்க." அங்கே ஆள் இருக்கிறாரே சார் என்றேன். சொன்னேன், சொல்லத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "இங்க வர்ற எல்லாருமே அதைப் பார்த்துத்தான் அடிக்கிறாங்க. நீங்க ஆசைப்பட்டாலும் உங்க பந்து அங்க போகாது." தேவராயன் சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மனுஷியைக் குறியாக வைத்து நிற்கச் சொன்னதற்கு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம், பிறகு நான் கால்களை அகட்டி, தோள்களைத் திருப்பி, அவருக்கு நேராக நின்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் வளைந்திருக்கும். எப்போதும் வளைவது போல வளைந்திருக்கும், நடுவுக்கு வந்திருக்கும், இப்போது மூன்று பேரும் பேசிக்கொண்டே நடந்துகொண்டிருப்போம். ஆனால் இரண்டு வாரமாகப் பார்த்த வீடியோக்களில் ஒருவர், வளைவதற்குக் காரணம் பிடிதான், இடது கையைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பு, குனிந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும், தெரிந்தால் பந்து நேராகப் போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் அறையில் அதைச் செய்தேன், தரையில் ஒரு செருப்பைப் போட்டு, அதில் மட்டை படாமல் உள்ளிருந்து வெளியே வீசிப் பழகினேன், அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல். அறைத்தோழி கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "பேய் ஓட்டறயாடி?" என்று கேட்டாள். திடலில் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. இருந்தாலும் கடைசி நொடியில், மட்டையைத் தூக்கும் முன்னால், இரண்டு முட்டிகள் தெரிகின்றனவா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது. கையைத் திருப்பினேன். இரண்டு தெரிந்தன. ரகுநந்தன் சார் சொன்னதையும் கேட்டேன், வீடியோவில் வந்தவர் சொன்னதையும் கேட்டேன். யார் என்ன சொன்னாலும் கேட்கிறவள் நான், அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் மார்க்கு வாங்கினேன், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் படித்திருக்கவில்லை, அதனால் வெளியே யார் சொன்னாலும் அது பாடம், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவிட்டு வருவேன். ஒரே நோய்க்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் குடித்துவிட்டேன்.

அப்பாவின் வண்டி. ஏன் இப்போது அப்பாவின் வண்டி? திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அந்த வண்டி இடதுபக்கம் இழுக்கும், முதலாளி சரிபார்க்க மாட்டார், அப்பா ஸ்டீரிங்கை எப்போதும் வலதுபக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஆந்திரா வரைக்கும் போய் வருவார், வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட அவர் வலது தோள் இறங்கியிருக்கும். ஒருநாள் சங்ககிரியில் அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார்கள். பட்டறையை விட்டு வெளியே வந்த அதே நிமிஷம் வண்டி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறியது, எதிரே பால்வண்டி, அந்த ஆள் குதித்துத் தப்பித்தான். அப்பா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம்தான் சொன்னார், "வண்டி செரியாயிருச்சு அம்மிணி. கைதான் செரியாகல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அது எனக்கு வேடிக்கைக் கதையாகவே இத்தனை வருஷம் இருந்தது, கல்லூரியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பால்வண்டிக்காரன் யார் என்று நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. குதித்தவனுக்கு அடிபட்டதா என்று கேட்டதில்லை. "வாணி, நான் பேசிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், புரியுதா? பக்கத்துக் குழியிலயும் ஆடிட்டுத்தான் இருக்காங்க," என்கிறார் ரகுநந்தன் சார், குரலைத் தாழ்த்தி, அன்பாக. அன்பாகத்தான் சொல்கிறார். எனக்காகத்தான் சொல்கிறார். சரி சார் என்று வாய் சொல்லிவிட்டது. கத்த வேண்டியபோது வராத குரல் இதற்கு மட்டும் எவ்வளவு தெளிவாக வருகிறது. பந்து போன அந்த நேரம் மறுபடி வருகிறது, தள்ளினால் போகாமல் வருகிறது. மட்டையில் பட்டதே தெரியவில்லை, வெண்ணெயில் பட்ட மாதிரி, கையில் எந்த அதிர்வும் இல்லை. சரியாகப் பட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்வார்களே, அதுதான் இது என்று நினைத்தேன். பந்து மேலே ஏறி, வெள்ளையாக, மலைக்கு முன்னால் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. இதோ இப்போது வளையும் என்று பார்த்தேன். வளையவில்லை. வளையவில்லை என்றதும் என் நெஞ்சில் வந்தது பயம் இல்லை. அதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் பயமாக மாற்ற முடியவில்லை. பயத்துக்கு நேரம் இருந்தது, ஒரு சொல் கத்துவதற்கு நேரம் இருந்தது, அந்த நேரம் முழுவதையும் நான் சந்தோஷத்தில் செலவழித்தேன், பந்து இறங்கிய இடத்தில் மஞ்சள் நிறம் இருந்ததையும் பார்த்துக்கொண்டேதான் சந்தோஷப்பட்டேன்.

அசைகிறது. பச்சை அசைகிறது. ஒரு கை குடையின் கம்பியைப் பிடித்து ஒதுக்குகிறது, பிறகு தலை, முடி அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்க, அந்த அம்மா புல்லில் உட்கார்ந்தே இருக்கிறார், சாய்ந்துதான் போயிருக்கிறார், உயிரோடு இருக்கிறார், இருக்கிறார், நான் ஓடுகிறேன், பின்னால் ரகுநந்தன் சார் என் பெயரைச் சொல்வது கேட்கிறது, ஓடுகிறேன், ஷூ ஒரு கால் கழன்று போகிறது. ஐம்பது வயது இருக்கும். வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அந்த மேல்கையை அமுக்கிப் பிடித்திருக்கிறார், சட்டைக் கைக்குக் கீழே அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து, பார்க்கப் பார்க்கக் கறுத்துக்கொண்டு வருகிறது. குடைத்துணியில் வட்டமாக ஒரு ஓட்டை. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் நெற்றி. "கை அசையுதாம்மா? விரலை அசைச்சுப் பாருங்க," என்கிறேன். விரல்கள் அசைகின்றன. "தோளுக்கு மேல தூக்க முடியலீங்," என்கிறார், என்னைப் பார்க்காமல், மலையைப் பார்த்து. பிறகுதான் கோபம் வருகிறது, மெதுவாக, தூரத்திலிருந்து வருவது போல. "மேஸ்திரி இங்கதான் உக்காரச் சொன்னாரு. எத்தன வருசமாச்சு. ராமாத்தா, அல்லாரும் உன்ற குடையப் பாத்துத்தான் நிப்பாங்க, ஆனா ஒரு பந்தும் அங்க வராது, இந்தக் காட்டுலயே பயமில்லாத எடம் அதுதான்னு சொன்னாரு. நானும் நிமுந்துகூடப் பாக்கறதில்லீங்." அவர் காலடியில் பந்து கிடக்கிறது. அவரே குனிந்து இடது கையால் எடுக்கிறார், கையில் வைத்துத் திருப்புகிறார். அதில் என் அடையாளம் இருக்கிறது. ஒரே மாதிரி பந்துகள் கலந்துபோகாமல் இருக்க ஆளுக்கு ஒரு அடையாளம் பேனாவில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள், தேவராயன் சாருடையதில் சிவப்புப் புள்ளி, ரகுநந்தன் சாருடையதில் ஒரு கோடு. எனக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. பரீட்சைத்தாளில் போட்டுப் போட்டுக் கை தானாகப் போடுவதைப் போட்டேன்.

"பிள்ளையார் சுழி போட்டுல்ல அடிச்சிருக்கறாங்க!" என்கிறார் ராமாத்தா. சிரிப்பா, வலியா, முகம் கோணுகிறது. அதற்குள் ரகுநந்தன் சார் மூச்சு வாங்க வந்துவிடுகிறார், கையில் என் ஷூ. "ரொம்ப வலிக்குதாம்மா? கிளப்ல டாக்டர் ரூம் இருக்கு, வண்டி அனுப்பச் சொல்றேன். பக்கத்துக் குழியிலேர்ந்து யாரோ அடிச்சது போலிருக்கு, நாங்க விசாரிக்கறோம்." தேவராயன் சார் கொஞ்சம் தள்ளி நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்கிறார். ராமாத்தா பந்தை மூன்று பேருக்கும் தெரியும்படி உயர்த்துகிறார். பச்சை மசியில் 'உ'. "இது ஆருதுங்க?" பக்கத்துக் குழியில் யாரோ சிரிக்கிறார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. ரகுநந்தன் சார் என் ஷூவை என் காலடியில் வைக்கிறார், குனிந்து வைக்கிறார், போட்டுக்கொண்டு பேசாமல் வா என்பதுதான் அது. எனக்குப் புரிகிறது. சரி என்று ஏற்கெனவே சொல்லியும் விட்டேன். சொல்லாமல் இருப்பது எவ்வளவு எளிது, பந்தை இடப்பக்கமாக அனுப்புவது போல, தானாக நடுவுக்கு வந்துவிடும், எல்லாம் எப்போதும் தானாக நடுவுக்கு வந்துவிடும்.

"என்னுதுங்கம்மா," என்கிறேன். "நான்தான் அடிச்சேன்." அது போதும் என்று நினைக்கிறேன், நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. "கை தவறிப் படலைங்கம்மா. உங்க குடையைப் பாத்துத்தான் நின்னேன். குறி வெச்சுத்தான் அடிச்சேன். போறதையும் பாத்தேன். கத்தலை."

"வாணி," என்கிறார் ரகுநந்தன் சார்.

ராமாத்தா என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிறார். தலையிலிருந்து கால்வரை, ஒரு காலில் ஷூ இல்லாதது வரை பார்க்கிறார். "அப்பச் செரி," என்கிறார். "நல்லாத்தான் அடிச்சிருக்கறீங்க அம்மிணி." பந்தை மடியில் போட்டுச் சுருட்டிச் செருகிக்கொள்கிறார், அது இனி யாருக்கும் கிடைக்காது. "எந்திரிக்கோணும். கையக் குடுங்க." நீட்டுகிறேன், நீட்ட வரவில்லை, ஏன் என்று பார்க்கிறேன். மட்டை. இத்தனை தூரமும் அதைப் பிடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன், ஓடும்போதும் விடவில்லை, அதே பிடியில், இடது கையின் இரண்டு முட்டிகளும் நன்றாகத் தெரிய. அவர் கையை நீட்டியபடி காத்திருக்கிறார். விடு, விடு என்று விரல்களிடம் சொல்கிறேன். அவை ஒவ்வொன்றாகத்தான் பிரிகின்றன.